கரண்ட் பில் பாதியாகும் என்று வீட்டுக்கு வந்து விற்ற பெட்டி: மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் அம்மா தனியாக இருக்கிறார், நீங்கள் கொழும்பில் வேலை. போன வாரம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இரண்டு பொடியன்கள் வந்து, 'கரண்ட் சேவர்' என்று ஒரு பெட்டியை பிளக்கில் செருகி, ஒரு மீட்டரில் கரண்ட் இறங்குவதைக் காட்டி, பில் பாதியாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். விலை 6,500 ரூபா. அதில் 3,500 வாங்கிக்கொண்டு, மீதி 3,000க்கு 10ஆம் திகதி வருகிறோம், வரும்போது கேஸுக்கும் ஒரு 'சேஃப்டி' பூட்டித் தருகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிப் போயிருக்கிறார்கள். பெட்டி வேலை செய்யுமா செய்யாதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் "அம்மா கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொல்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது. 10ஆம் திகதி அந்த ஆட்கள் வந்து நிற்கும்போது அம்மா என்ன செய்வது, அதற்கு முன்னால் அம்மாவுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது.

அவசரத்தில் இருந்தால் இது போதும்: பெட்டி உங்கள் வீட்டு பில்லைக் குறைக்காது. மீதி 3,000ஐக் கொடுக்க வேண்டாம். இன்றைக்கு இரவே அம்மாவுக்கு போன் போட்டு அந்தப் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்றியதும் பிளக்கின் கம்பிகளைக் கையால் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், உள்ளே கப்பாசிட்டர், அதாவது கரண்டைச் சேர்த்து வைக்கிற சாமான், இருந்தால் கொஞ்ச நேரம் அதில் கரண்ட் தங்கி நிற்கலாம். இந்த மூன்றிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் ஹட்டன் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வயரிங் வேலை செய்கிறவன். லயம் (தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள்), கடை, ஸ்கூல், இரண்டு மூன்று தேயிலை பெக்டரி எல்லாம் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால், சொல்ல வெட்கம்தான், ஒரு ஏழெட்டு மாதம் பேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சாமான் விற்றிருக்கிறேன். அதனால் இந்த விசயத்தின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

அம்மா பார்த்தது பொய் இல்லை. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர்கள் பேக்கில் சின்ன மோட்டார் ஒன்று கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் பழைய மேசை ஃபேன். வயரைச் சுற்றிக் கவ்வுகிற மாதிரி ஒரு மீட்டர், கிளாம்ப் மீட்டர் என்போம், அதை வைத்து மோட்டாரை ஓடவிடுவார்கள். மீட்டரில் 0.6 அம்பியர் என்று காட்டும். பக்கத்து பிளக்கில் பெட்டியைச் செருகியதும் 0.4க்கு இறங்கிவிடும். பெட்டியைக் கழற்றினால் திரும்ப 0.6. மறுபடி செருகினால் 0.4. இதையே அம்மாவின் கையால் இரண்டு தடவை செய்ய வைப்பார்கள். "ஆச்சி, நான் ஒண்ணுமே சொல்லல, மெசின்தான் சொல்லுது பாருங்க." அந்த மெசின் பொய் சொல்லாது. வயரில் ஓடுகிற அம்பியர் நிஜமாகவே குறைகிறது. நானே வந்து என் மீட்டரால் பார்த்தாலும் அப்படித்தான் காட்டும். விசயம் என்னவென்றால், மின்சார சபை உங்களிடம் காசு வாங்குவது அந்த அம்பியருக்கு இல்லை.

இதைப் பல பேருக்கு நான் தேயிலைக் கொழுந்துக் கணக்கில்தான் சொல்லிப் புரிய வைத்திருக்கிறேன், உங்கள் அம்மா மலையில் வேலை செய்தவர் என்றால் என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணிக்கும் என்று இத்தனை கிலோ கழித்துவிட்டுத்தானே கணக்கப்பிள்ளை பேர் பக்கத்தில் எழுதுகிறார். மோட்டார் மாதிரிச் சாமான்கள் இழுக்கிற கரண்டும் ஈரக் கொழுந்து மாதிரிதான். ஒரு பகுதி வேலை செய்கிற கரண்ட், அது கொழுந்து. இன்னொரு பகுதி வயருக்குள் போய் வந்துகொண்டே இருக்கும், வேலை எதுவும் செய்யாது, அது ஈரம். கிளாம்ப் மீட்டர் இரண்டையும் சேர்த்து நிறுக்கிற தராசு. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கப்பாசிட்டர் ஈரத்தை உதறிவிடுகிறது, அதனால் தராசில் பாரம் குறைகிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற கரண்ட் மீட்டர் ஆரம்பத்தில் இருந்தே ஈரத்தைக் கழித்துவிட்டு, கொழுந்தை மட்டும் எழுதுகிற மீட்டர். யூனிட் என்பது கிலோவாட் மணி, அதில் அந்தப் போக்குவரத்துக் கரண்ட் சேராது. கழித்து எழுதுகிற இடத்துக்கு உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கிலோ கூடவோ குறையவோ போவதில்லை. இவ்வளவுதான் சங்கதி.

இதில் ஒரு மணி உண்மை இருப்பதால்தான் கொஞ்சம் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். தேயிலை பெக்டரியில் கப்பாசிட்டர் வைத்த பெரிய இரும்பு அலமாரி ஒன்று நிற்கும். வாட்டுகிற ஃபேன், ரோலர் எல்லாம் மோட்டார், அங்கே ஈரம் அதிகம். பெக்டரி மாதிரிப் பெரிய இணைப்புகளுக்கு யூனிட் கணக்கோடு சேர்த்து, அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகமாக எவ்வளவு இழுத்தார்கள் என்பதற்கும் தனியாகக் காசு உண்டு. அந்தக் கணக்கு கேவிஏ, ஈரத்தோடு சேர்த்து நிறுக்கிற கணக்கு. ஆகவே அங்கே கப்பாசிட்டர் போட்டால் பில் நிஜமாகவே குறையும், நான் போட்டும் கொடுத்திருக்கிறேன். பெக்டரிக்குச் சரியான மருந்தை லயத்தில் விற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, கேத்தல், ஹீட்டர், அயன், பல்ப் இவற்றில் ஈரமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அவற்றுக்கு முன்னால் அந்தப் பெட்டி அம்பியரைக்கூடக் குறைக்காது. அதனால்தான் அவர்கள் தங்கள் மோட்டாரைத் தாங்களே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் வீட்டுக் கேத்தலை வைத்துக் காட்டச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும்.

இனி எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாத பக்கம். நீங்கள் போட்ட போட்டோவில் தெரிவது வெள்ளைப் பிளாஸ்டிக்கும் பச்சை லைட்டும்தான். அதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என் கையில் வந்து நான் திறந்து பார்த்தவற்றில் சிலவற்றுக்குள் நாலைந்து மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, அந்த லைட்டை எரிய வைக்கச் சின்னதாக ஒரு போர்ட், வேறு ஒன்றும் இல்லை. ஒன்றில் கப்பாசிட்டரும் இல்லை, லைட்டும், பாரம் தெரியட்டும் என்று ஒட்டி வைத்த சீமெந்துக் கட்டியும் இருந்தன. உங்களுடையது எந்த வகை என்று தெரியாது, எந்த வகையானாலும் பில் விசயத்தில் முடிவு ஒன்றுதான். லைட் எரிய ஒரு வாட் எடுக்கிறது என்று வைத்தாலும் மாதம் முழுக்க எரிந்தால் முக்கால் யூனிட் வரும். பில்லைப் பாதியாக்க வந்த சாமான் அதை அரைக்கால் அரைக்காலாக ஏற்றுகிறது.

பில்லை விடுங்கள், எனக்கு இதில் பயம் வேறு. மலிவான கப்பாசிட்டர் 24 மணி நேரமும் லைனில் நின்றால் சூடாகி வீங்கும், சில நேரம் வெடிக்கும். எல்லாப் பெட்டியும் எரியும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவை சும்மா எரியாமல் கிடக்கும். ஆனால் அது செருகியிருக்கிற இடத்தை யோசித்துப் பாருங்கள். காம்பராவுக்கு (அறைக்கு) ஒரு பிளக், அதில் ஒரு மல்டி பிளக், அதில் டீவி, சார்ஜர், கேத்தல், இப்போது இதுவும். சுவர்ப் பக்கம் பலகை, மேலே பழைய தகரத்துக்கு அடியில் காய்ந்த மரம். லயத்தில் ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் அது அந்த வீட்டோடு நிற்காது, வரிசையே போய்விடும். வருடா வருடம் நம் பக்கத்தில் எத்தனை லயம் அப்படிப் போகிறது என்று உங்களுக்கும் தெரியும். அதனால்தான் இன்று இரவே கழற்றச் சொன்னேன்.

அம்மா நம்பாவிட்டால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கரண்ட் மீட்டரில் விட்டு விட்டு மினுங்குகிற சிவப்பு லைட் ஒன்று இருக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கம் என்று அச்சடித்திருக்கும், பல மீட்டர்களில் 1600. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கரண்ட் கேத்தலை மட்டும் தண்ணி நிரப்பிப் போட்டு, போனில் ஒரு நிமிடம் வைத்து மினுக்கத்தை எண்ணுங்கள். 2000 வாட் கேத்தல், 1600 மீட்டர் என்றால் 53 பக்கம் வரும். பெட்டியைச் செருகிவிட்டுத் திரும்ப ஒரு நிமிடம் எண்ணுங்கள். அப்புறம் மிக்ஸியை வைத்தும் அதையே செய்யுங்கள், கேத்தலில் மோட்டார் இல்லையே என்று யாரும் சொல்ல இடம் வைக்கக் கூடாது. வோல்டேஜ் கொஞ்சம் ஆடுவதால் ஒன்று இரண்டு முன்பின்னாக வரலாம். பாதியாக ஒருக்காலும் ஆகாது. எண்ணுவதை அம்மாவிடமே கொடுங்கள். பெட்டியை விற்றவன் அம்மாவின் கையால் செய்ய வைத்துத்தானே நம்ப வைத்தான்.

பழைய வட்டத் தகடு சுற்றுகிற மீட்டர் என்றால் சுற்றை எண்ணுங்கள், அதுவும் அதே கணக்குத்தான்.

பில்லை வைத்துப் பார்க்கிறோம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். என் வாடிக்கைக்காரர் ஒருவர், கடை வைத்திருக்கிறார், 2024 கடைசியில் இந்தப் பெட்டி வாங்கிப் போட்டார். அடுத்த பில்லில் காசு குறைந்துவிட்டது, என்னைக் கூப்பிட்டுக் காட்டி "இப்ப என்னா சொல்றீங்க?" என்று கேட்டார். 2025 ஜனவரியில் கட்டணத்தையே சராசரியாக 20 சதவீதம் குறைத்திருந்தார்கள். யூனிட்டைப் பார்த்தால் போன மாதத்தைவிட இரண்டு கூட. ஜூனில் கட்டணம் திரும்ப 15 சதவீதம் ஏறியதும் பெட்டி பழுதாகிவிட்டது என்று குப்பையில் போட்டார். அந்த மனிதர் இன்றைக்கும் அது ஆறு மாதம் நன்றாக வேலை செய்தது என்றுதான் சொல்வார்.

நானும் வீடு வீடாக விற்றிருக்கிறேன் என்றேன் அல்லவா. நான் விற்றது கரண்ட் பெட்டி இல்லை, அடுப்புக்கு மாட்டுகிற ஒரு வளையம், கேஸ் மிச்சமாகும் என்று. யாருக்கும் ஒரு துளி மிச்சமானதாக எனக்குத் தெரியாது. காலையில் வேனில் ஏற்றி ஒரு தோட்டத்தில் இறக்கிவிடுவார்கள். பெரட்டு, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது, முடிந்து அவர்கள் மலைக்குப் போன பிறகுதான் லயத்துக்குள் இறங்க வேண்டும், அப்போது வீட்டில் இருப்பது வயசானவர்களும் பிள்ளைகளும். 10ஆம் திகதி சம்பளம், 25ஆம் திகதி அட்வான்ஸ், இந்த இரண்டு நாளும் மனப்பாடம். உங்கள் அம்மாவிடம் மீதிக்கு 10ஆம் திகதி சொன்னது தற்செயல் இல்லை. முதல் வீட்டில் யார் வாங்கினாரோ அவர் பெயரைப் பில் புத்தகத்தின் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு இரண்டாவது வீட்டுக்குப் போவோம், "அந்தா அந்த வீட்டு அக்கா ரெண்டு வாங்கியிருக்காங்க." உள்ளே போனதும் தண்ணி கேட்க வேண்டும். தண்ணி கொடுத்த வீட்டில் இல்லை என்று சொல்ல வாய் வராது, நம் ஆட்களின் மனசு அப்படி. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பேக்கைத் திறப்போம். மஸ்கெலியா என்றால் இன்னும் லேசு. பழைய டவுனையே மவுசாகலைத் தண்ணிக்குள் விட்டுக் கரண்ட் எடுக்கிற ஊர், "நம்ம தண்ணியில எடுக்கிற கரண்டுக்கு நாம ஏன் இவ்வளவு கட்டணும்?" என்று ஒருவன் கேட்டால் யாருக்குத்தான் தலை ஆடாது. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் என்று பில் ஏறிய பிறகு இந்த ஆட்களுக்கு வாயில் வேலையே இல்லை, பில்லைக் கையில் வாங்கிப் பார்த்து உச்சுக் கொட்டினாலே போதும். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அம்மாவிடம் "ஏன் ஏமாந்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த தடவை வாங்கியதை உங்களிடம் சொல்ல மாட்டார், அதுதான் நடக்கும். 2024இல் ஒரு நாளைக்கு 1,350 என்று வைத்த அடிப்படைச் சம்பளக் கணக்கில் 6,500 ரூபா என்பது கிட்டத்தட்ட ஐந்து பேர், அதாவது ஐந்து நாள் வேலை. ஐந்து பேர் போட்ட காசு போன வலி அவருக்கு உங்களைவிட அதிகம்.

வந்தவர்கள் மின்சார சபை ஆட்களா என்று கேட்டிருந்தீர்கள். சபையின் மீட்டர் வாசிக்கிறவர் மீட்டரைப் பார்ப்பார், பில்லைத் தருவார், போய்விடுவார். வீடு வீடாகச் சாமான் விற்பது சபையின் வேலை இல்லை, வாசலில் நின்று தவணைக்குக் காசு வாங்குவதும் இல்லை. பில் கட்டுவது சபை அலுவலகம், தபால் கந்தோர், வங்கி, போன் வழியாகத்தான். சந்தேகம் என்றால் அம்மா அவர்களை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு 1987க்கு அழைக்கலாம், அது சபையின் இலக்கம், பில்லிலும் இருக்கும். ஆனால் இங்கே ஒரு நூல் இழை இருக்கிறது. அவர்கள் "கரண்ட் போர்டில் இருந்து வந்திருக்கோம்" என்று வாயால் சொன்னார்களா, அல்லது "கரண்ட் விசயமா வந்திருக்கோம்" என்று சொல்லி மிச்சத்தை அம்மாவே நினைத்துக்கொள்ள விட்டார்களா? பழகிய ஆட்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். முதலாவது என்றால் அது ஆள்மாறாட்டம், நேரே பொலிசுக்குப் போகிற விசயம். அம்மாவிடம் அழுத்தாமல், ஆற அமர, அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே நினைவுபடுத்தச் சொல்லி ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணக்கு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள் என்று பயந்திருக்கிறீர்கள், அந்த இலக்கத்தை மட்டும் வைத்து உங்கள் கரண்டை வெட்டவோ பில்லை ஏற்றவோ அவர்களால் முடியாது. அடையாள அட்டையைப் போட்டோ எடுத்திருந்தால்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்ட தாள். நான் வக்கீல் இல்லை, ஆகவே எனக்குத் தெரிந்த அளவோடு நிற்கிறேன். உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த பிரதி எந்த மொழியில் இருக்கிறது, அதில் கம்பனி முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்குவது நம் பக்கத்தில் பழைய வித்தை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தி விற்பதும், சாமானைப் பற்றி இல்லாததைச் சொல்லி விற்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தைப் பல பேர் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துப் பார்த்தே கழித்துவிடுகிறார்கள், விற்கிறவனும் "மூணு மாசம் போனாத்தான் வித்தியாசம் தெரியும்" என்று சொல்வது அதற்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1977க்கு அழைத்துக் கேட்கலாம், அல்லது நுவரெலியா கச்சேரியில் உள்ள அவர்களின் அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பெட்டி, பில், தாளின் பிரதி, அவர்களின் போன் இலக்கம், வந்த வேனின் இலக்கத்தை யாராவது பார்த்திருந்தால் அதுவும். கொடுத்த 3,500 திரும்பி வருமா என்றால், முகவரி உள்ள கம்பனி என்றால் வந்த கதைகளை நான் பார்த்திருக்கிறேன். போன் இலக்கம் மட்டும் உள்ள பில் என்றால் அந்தக் காசை மறந்துவிட்டு 3,000ஐக் காப்பாற்றுவதுதான் புத்தி.

கேஸ் 'சேஃப்டி' விசயத்துக்கு வருகிறேன், இதில் நான் கரண்ட் அளவுக்குக் கைதேர்ந்தவன் இல்லை, ஆனால் விற்கிற வித்தை தெரியும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்தது நினைவிருக்கும், சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தை மாற்றியதுதான் காரணம் என்று ஜனாதிபதி போட்ட குழு சொன்னது. புரொப்பேனுக்கு அழுத்தம் அதிகம். அன்றைக்கு மக்கள் மனசில் விழுந்த பயத்தை வைத்துத்தான் இன்றைக்கும் இந்த வியாபாரம் நடக்கிறது. வருகிறவன் "செக் பண்ணிப் பாக்கிறோம், இலவசம்" என்று குனிவான், ரெகுலேட்டரையோ குழாயின் கிளிப்பையோ லேசாகத் தளர்த்துவான், மணம் வரும், அவ்வளவுதான், வீட்டில் இருப்பவர் எந்த விலையும் கொடுப்பார். முள் வைத்த ஒரு உருண்டைச் சாமானைப் பூட்டி, பச்சையில் நின்றால் கேஸ் இருக்கிறது, சிவப்புக்கு வந்தால் முடியப் போகிறது அல்லது லீக் என்பார்கள். அது காட்டுவது அழுத்தம், அளவு இல்லை. சிலிண்டருக்குள் திரவமாகக் கேஸ் இருக்கிற வரைக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது குளிரும் சூடும்தான். நம் ஊரில் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் நிறைந்த சிலிண்டருக்கும் முள் கீழே விழுந்து கிடக்கும், பத்து மணி வெயிலில் தானாக ஏறும். முள் விழுந்ததைப் பார்த்துப் பயந்து சிலிண்டரை மாற்றியவர்களும் உண்டு. எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும் என்றால் சிலிண்டரின் வெறும் பாரம் அதிலேயே பொறித்திருக்கும், தராசில் வைத்து அதைக் கழித்தால் முடிந்தது. லீக் பார்க்க சவர்க்கார நுரையைக் குழாயின் இரண்டு முனையிலும் ரெகுலேட்டரிலும் தடவினால் போதும், முட்டை முட்டையாக வந்தால் லீக். நெருப்புக் குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. கேஸ் காற்றைவிடப் பாரம், கீழேதான் தேங்கும், ஆகவே மணம் வந்தால் வால்வை மூடிவிட்டு ஜன்னலோடு கதவையும் திறக்க வேண்டும், சுவிட்சில் கை வைக்கக் கூடாது. குழாய் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் அதை மாற்றுங்கள், கடையில், பில்லோடு. அந்த ஆட்களை மட்டும் அடுப்பங்கரைக்குள் விட வேண்டாம்.

இதே ஆட்கள் அல்லது இவர்கள் மாதிரி வேறு யாராவது அடுத்து சோலார் என்று வருவார்கள். சோலார் பொய்ச் சாமான் இல்லை, அதனால் அதைப் பற்றி அவசரமாக ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. கூரைச் சோலாரில் சபை வாங்குகிற கரண்டுக்கான விலை இடையில் பல தடவை மாறிவிட்டது, 2016இல் திட்டம் வந்தபோது முதல் ஏழு வருடத்துக்கு யூனிட் 22 ரூபா, பிறகு ஒரு காலத்தில் 37 வரை போய் 27க்கு இறங்கி அதற்கும் கீழே வந்திருக்கிறது. பழைய விலைக் கடதாசியைக் காட்டிப் பேசுகிறவனிடம் இன்றைய விலையைச் சபையில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். அம்பாந்தோட்டை வெயில் கணக்கை மஸ்கெலியா மூட்டத்துக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். லயத்துக் கூரை யாருடைய கூரை, காணி யார் பெயரில், கரண்ட் கணக்கு யார் பெயரில் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

பில்லைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அதை யாரும் பேக்கில் போட்டு விற்க முடியாது. வீட்டுக் கட்டணத்தில் 30 நாள் கணக்கில் 60 யூனிட் என்பது ஒரு வேலி. 60க்குள் நின்றால் குறைந்த விலைக் கணக்கு. 61 ஆனால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் யூனிட்டில் இருந்தே வேறு அட்டவணைக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். அம்மா ஒருவர் மட்டும் இருக்கிற வீடு 60க்குள் நிற்க முடியும். குளிர் ஊர் என்பதால் நான் முதலில் பார்ப்பது குளிக்கிற ஹீட்டரை. 3500 வாட் ஹீட்டரில் ஒரு நாளைக்கு பத்து நிமிடம் என்றால் மாதம் 17, 18 யூனிட் அதற்கே போகும், நீங்கள் லீவில் வந்து நின்று ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் அது இரட்டிப்பு. விறகு அடுப்பு எரிகிற வீட்டில் தண்ணியை அதில் வைப்பது பழைய வழிதான், ஆனால் கணக்கில் அதை ஒன்றும் வெல்லாது. அடுத்தது ரைஸ் குக்கரைக் காலையில் இருந்து சாயங்காலம் வரை சூட்டில் விட்டு வைப்பது, முப்பது நாற்பது வாட்தான், பத்து மணி நேரம் நின்றால் மாதம் பத்துப் பன்னிரண்டு யூனிட். பழைய 60 வாட் பல்ப் ஒன்று இன்னும் வீட்டுக்குப் பின்னால் கோடியில் எரிகிறது என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மாதம் 9 யூனிட், அதை 10 வாட் எல்ஈடி ஆக்கினால் ஒன்றரை. பிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது.

10ஆம் திகதிக்கு: அன்றைக்கு அம்மா தனியாக இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் வேலைக்குப் போகாத ஆள் யாராவது இருந்தால், அல்லது தோட்டத்துத் தலைவர் யாராவது இருந்தால், வந்து இஸ்தோப்பில் உட்காரச் சொல்லுங்கள். பெட்டியைப் பையில் போட்டு வாசலிலேயே வைத்திருக்கட்டும். அவர்கள் வந்ததும் சண்டை ஒன்றும் வேண்டாம், "மகன் வேணாங்கிறான், பெட்டிய எடுத்துட்டு குடுத்த காச குடுங்க, இல்லாட்டி 1977ல பேசிக்கங்க" என்று சொன்னால் போதும். கரண்டை வெட்டுவோம், பொலிசுக்குப் போவோம் என்று மிரட்டினால் பேசுவதை போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள், அதோடு பெரும்பாலும் வேனில் ஏறிவிடுவார்கள். காசைத் தராமல் பெட்டியை மட்டும் கேட்டால் கொடுக்க வேண்டாம், முறைப்பாட்டுக்கு அது வேண்டும். அப்புறம், கடைசி மூன்று மாதத்துக் கரண்ட் பில்லைப் போட்டோ எடுத்து, பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள். 60ஐ எத்தனையால் தாண்டுகிறது என்று பார்த்து, எதை நிறுத்தினால் உள்ளே வரும் என்று சொல்கிறேன்.